இக்னேஷியஸ் சார் கழற்றி வைத்த துண்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செபஸ்தியார் கோயில் விவகாரத்தில் எனக்கு ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. என் பெயர் அமீர். தண்டையார்பேட்டையில் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறேன். மைக், ஸ்பீக்கர், சீரியல் லைட், ஜெனரேட்டர். கல்யாணமோ, கட்சிக் கூட்டமோ, தர்கா கந்தூரியோ, எனக்கு எல்லாம் ஒரே வயர்தான். இக்னேஷியஸ் சார் எனக்கு ரொம்ப காலத்துத் தோஸ்து. போன வருஷம் திருவிழாவில் அவர் செய்ததைப் பற்றி ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் ஆளுக்கொரு கதை சொல்லித் திரிகிறார்கள். ஒருவன் அவரைத் தியாகி என்கிறான், இன்னொருவன் லூசு என்கிறான். இரண்டும் தப்பு. நான் பக்கத்திலேயே நின்று பார்த்தவன். அதுவும் என் டீசல் எரிந்துகொண்டிருக்கும்போது பார்த்தவன்.

சாரின் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். சார் ஆங்கில இலக்கியம் படித்து, ஒரு தனியார் கல்லூரியின் மாலை வகுப்பில் கௌரவ விரிவுரையாளர் ஆனார். இன்றுவரை அதே கௌரவத்தோடுதான் இருக்கிறார். அவருடைய பாடம் அமெரிக்க இலக்கியம். அதிலும் அவர் உயிரை விடுகிற பகுதி ஒன்று உண்டு: பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடிமை முறையை எதிர்த்து எழுதிய அமெரிக்க எழுத்தாளர்கள். நாளைக்கு வகுப்பில் சொல்லப்போவதை இன்றைக்கு என் கடை வாசலில் உட்கார்ந்து என்னிடம் சொல்லிப் பார்ப்பார். அவருடைய மாணவர்களாவது பாதியில் எழுந்து போகலாம். கடை என்னுடையது, நான் எங்கே போவது?

அடிமைகளை வதைத்து விளைவித்த சர்க்கரையும் பருத்தியும் வேண்டாம் என்று அந்த நாட்டில் சிலர் விரதம் போல இருந்தார்களாம். அதைப் படித்த வருஷம் சாரும் டீயில் சர்க்கரையை நிறுத்தினார். அதே வருஷம்தான் டாக்டர் அவருக்குச் சுகர் என்று சொன்னதும். எது முதலில் நடந்தது என்று நான் கேட்கவில்லை.

“பாய், அவங்கள லேசா நெனைக்காத,” என்பார். “தப்பிச்சு வந்த அடிமைங்கள வூட்ல ஒளிச்சு வெச்சாங்க. கல்லடி பட்டாங்க. சில பேரு ஜெயிலுக்கே போனாங்க. ஆனா அவங்க கோயிலுக்கு வந்து பாரு. அங்க பெஞ்சுன்றது பத்திரம் போட்டு வாங்கற சொத்து. அப்பன் பெஞ்சு புள்ளைக்கு. கறுப்பு ஆளுங்க வந்தா மாடிக்குப் போணும், இல்ல கடைசி மூலை. அடிமை முறை பாவம்னு பேப்பர்ல எழுதிட்டு, ஞாயித்துக்கெழம அதே பெஞ்சுல போயி உக்காந்தான் பாரு, அங்கதான் கீது விஷயம்.”

“எழுந்தவன் ஒருத்தன்கூட இல்லியா சார்?”

“இருந்தான். கொஞ்சம் பேரு. மிச்ச பேருக்கு அடிமை முறை ஒழியணும், ஆனா விடுதலையான ஆளு பக்கத்துல வந்து உக்காரக் கூடாது. வெள்ளைத் தோலால கெடைக்கிற சௌகரியம் அவங்க கண்ணுக்கே தெரியல. அதான் பாய் கொடுமை. இன்னொண்ணு கேளு. தப்பிச்சு வந்தவன மேடை ஏத்துவாங்க. முதுகுத் தழும்பக் காட்டு, பட்ட கஷ்டத்த மட்டும் சொல்லு, அது ஏன் எதுக்குன்னு யோசிக்கறத நாங்க பாத்துக்கறோம்னு சொல்லி மைக்க வாங்கிக்குவாங்க.”

“அப்ப ஏது சார் மைக்கு?”

“ஒரு பேச்சுக்குச் சொன்னேன்யா!” என்று எரிந்து விழுவார். அந்த எழுத்தாளர்கள் மேல் அவருக்கு அப்படி ஒரு கோபம். செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆன மனிதர்களை என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தபடி நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்.

இனி திருவிழாச் சப்பரத்துக்கு வருகிறேன். செபஸ்தியார் கோயில், ராயபுரத்தின் பெரிய கோயில்களின் கணக்கில் சேராத சின்னக் கோயில். தை மாதத்தில் திருவிழா. செபஸ்தியார் சுரூபத்தைச் சப்பரத்தில் வைத்துத் தோளில் தூக்கிப் போவார்கள். இரண்டு நீளக் கட்டை, எட்டுத் தோள், எட்டுக் குடும்பம். வலது பக்கம் முன்கட்டை சாருடைய குடும்பத்துக்கு. தாத்தா தூக்கினார், அப்பா தூக்கினார், இப்போது இவர். குடும்பத்துக்கு ஒன்றாக எட்டுச் சிவப்புத் துண்டுகள் உண்டு. எவர் தோளில் துண்டு இருக்கிறதோ அவர் தூக்குவார். உடம்புக்கு முடியாத வருஷம், உரிமைக்காரர் தன் கையால் அந்தத் துண்டை இன்னொருவர் தோளில் போட்டால் போதும். அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்கக் கூடாது, அது அங்கே வழக்கம். சாருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்த வருஷம், பக்கத்து வீட்டு பேங்க் மேனேஜர் முதலியார் தோளில் போட்டார். முதலியார் நெற்றி நிறையத் திருநீறோடு செபஸ்தியாரைத் தூக்கினார். சப்பரம் ரொம்ப அழகாகப் போனதாக எல்லோரும் சொன்னார்கள்.

சப்பரத்துக்குப் பின்னால் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று வரும். அதில் என் ஜெனரேட்டர். அங்கிருந்து சப்பரத்து விளக்குகளுக்கு ஒரு வயர் போகும். வண்டியைத் தள்ளுகிறவர்கள் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கால்வாய்த் தெருக்காரர்கள். அவர்களுக்கும் அதே கோயில், அதே ஞானஸ்நானம். அந்தக் காலத்தில் அவர்களுடைய தாத்தாக்கள் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் சுமந்து நடந்தார்கள். பிறகு ஜெனரேட்டர் வந்தது, தலைக்குப் பதில் கை. செபஸ்தியாருக்கு வெளிச்சம் அந்தத் தெருவிலிருந்து வரலாம், தோள் வரக் கூடாது. ஏன் என்று கேட்டால், “கிறிஸ்தவத்துல ஏதுப்பா ஜாதி?” என்று பதில் வரும். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

செல்வம் அந்தத் தெரு. கன்டெய்னர் யார்டில் வேலை. என் ஜெனரேட்டரை அவனைப் போலப் பக்குவமாகத் தள்ள இன்னொருவன் கிடையாது. மேடு பள்ளம் பார்த்து, சப்பரத்தின் நடைக்குத் தக்கபடி வருவான். அந்தத் திருவிழாவுக்கு முந்தின மழைக்காலத்தில் அவன் பெண் ஜூடிக்கு டெங்கு. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ரத்த அணுக்கள் இறங்கிக்கொண்டே போக, இவன் வராந்தாவில் முட்டி போட்டு வேண்டிக்கொண்டான்: என் பொண்ணு எழுந்து நடந்தா, செபஸ்தியாரே, உன்ன ஒரு தெரு என் தோள்ல தூக்கறேன். பெண் எழுந்துவிட்டாள். ஸ்கூலுக்கும் போகிறாள்.

“அவ ராவுல இருமுனாகூட எனக்கு நெஞ்சு அட்ச்சிக்குது பாய்,” என்றான் என்னிடம். “வேண்டிகினத செய்யாம வுட்டா, குடுத்தவரு திருப்பி எடுத்துக்குவாரோன்னு பயமா கீது.”

பெரிய ஆம்பிளை, கன்டெய்னர் மேல் ஏறிச் சங்கிலி மாட்டுகிறவன், சொல்லும்போது அவன் உதடு நடுங்கியது.

அவன் விழாக்குழுவில் போய்க் கேட்டான். குழுச் செயலாளர் ஃப்ரெடி, சாரின் மனைவி எல்சியம்மாவின் தம்பி. ஃப்ரெடிக்குச் சொந்தமாகக் கட்டை உரிமை கிடையாது. அக்கா கல்யாணத்தில் சாருடைய குடும்பத்துத் துண்டைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு அதன் மேல் ஒரு கண்.

“செல்வத்துக்கு எதிரா இங்க யாரும் இல்ல,” என்றான் ஃப்ரெடி. “உயரம்தான் இடிக்குது. ஒரு தோள் எறங்குனா சுரூபம் சாஞ்சுடும்.”

செல்வத்தையும் இக்னேஷியஸ் சாரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒரே உயரம். முதலியார் இருவரையும் விட ஒரு சாண் குட்டை.

செல்வம் நேராகச் சாரிடம் வந்தான். சார் கொதித்துப் போனார். “இத நான் சும்மா வுட மாட்டேன்!” என்று என் ஸ்டூலிலிருந்து எழுந்தார். சொன்னபடியே சும்மா விடவில்லை. ஃபேஸ்புக்கில் எழுதினார். கையெழுத்து வாங்கினார். திருவொற்றியூரில் ஒரு மண்டபம் பிடித்துக் கூட்டம் போட்டார். தலைப்பு: ‘அடிமை முறையை எதிர்த்தவர்களும் வெள்ளைத் தோலின் சௌகரியமும் – சில படிப்பினைகள்’. மைக் என்னுடையது.

சார் முக்கால் மணி நேரம் பேசினார். நன்றாகத்தான் பேசினார், பொய் சொல்லக் கூடாது. கோயில் பெஞ்சு வந்தது, மாடி மூலை வந்தது, அடிமை முறையை வெறுத்துக்கொண்டே வெள்ளைக்காரனுக்குத்தான் மூளை அதிகம் என்று எழுதி வைத்தவர்கள் வந்தார்கள், விடுதலையானவர்களையெல்லாம் கப்பலேற்றி ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிடலாம் என்று யோசனை சொன்ன நல்லவர்களும் வந்தார்கள். கூட்டம் கைதட்டியது. பிறகு செல்வத்தை மேடைக்குக் கூப்பிட்டார்.

செல்வம் ஜூடியின் காய்ச்சலைச் சொன்னான். ஆஸ்பத்திரி வராந்தாவைச் சொன்னான். மண்டபத்தில் நாலைந்து பேர் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு அவன், “நான் இன்னா கேக்க வந்தேன்னா, அந்தத் துண்டு...” என்று ஆரம்பித்தான்.

சார் மெதுவாக அவன் தோளைத் தட்டிக்கொடுத்து மைக்கை வாங்கிக்கொண்டார். “செல்வத்தின் வலியை நீங்கள் கேட்டீர்கள். இதன் பொருள் என்னவென்றால்...” என்று தொடங்கி மறுபடியும் அரை மணி நேரம். நான் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதுகுத் தழும்பைக் காட்டிய அந்த அமெரிக்க மனிதன் என் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தான். வால்யூமைக் குறைத்துவிடலாமா என்று கை அரித்தது.

வயர் சுற்றும்போது செல்வம் வந்து உதவினான். “நான் இன்னா கேட்டேன்னு சாருக்குத் தெரியாதா பாய்?” என்றான்.

“தெரியும்பா. ஆனா அது அவர் பேச்சுல எந்த எடத்துல வரும்னுதான் தெரியல,” என்றேன்.

திருவிழா அன்று சாயங்காலம் சப்பரம் கோயில் வாசலில் தயாராக நின்றது. எட்டுப் பேர் எட்டுச் சிவப்புத் துண்டோடு வந்து நின்றார்கள். நான் ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்து ஓடவிட்டேன், விளக்குகள் எரிந்தன. செல்வம் வண்டியின் பிடியைப் பற்றிக்கொண்டு, முன்னால் எட்டி எட்டிப் பார்த்தபடி நின்றான். ஜூடி புது கவுன் போட்டு அவன் பக்கத்தில் நின்றாள்.

அப்போது சார் கையைத் தூக்கினார். கூட்டம் அடங்கியது. துண்டைக் கழற்றினார், கண்ணில் ஒற்றினார். “அநியாயத்தின் வழியாக எனக்குக் கிடைத்த இந்த இடம் எனக்கு வேண்டாம்!” என்று சொல்லி, துண்டைக் கட்டையின் மேல் மடித்து வைத்துவிட்டு விலகி நின்றார். ஏகப்பட்ட செல்போன்கள் படம் பிடித்தன. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே ஒரு நிமிஷம் புல்லரித்துவிட்டது.

துண்டு கட்டையின் மேல் சரியாகப் படிந்திருக்காது, அதற்குள் அது ஃப்ரெடியின் தோளில் இருந்தது. பாதிரியார் ஜெபம் சொன்னார். எட்டுத் தோளும் சேர்ந்து தூக்கின. செபஸ்தியார் கிளம்பிவிட்டார்.

சார் திரும்பிப் பார்க்கவே இல்லை. முகம் ஜொலிக்க நேராக எங்கள் வண்டிக்கு வந்தார். “செல்வம், நகரு. நீங்க தள்ளுனது போதும். இன்னிக்கு நான் தள்றேன்,” என்று பிடியைப் பிடித்துக்கொண்டார்.

செல்வம் கையை எடுத்தான். என்னைப் பார்த்தான், சாரைப் பார்த்தான், முன்னால் போகும் சப்பரத்தைப் பார்த்தான்.

“அப்ப நான் எங்க சார் நிக்கறது?” என்று கேட்டான்.

ஜெனரேட்டர் சத்தத்தில் சாருக்கு அது காதில் விழவில்லை. செல்வம் ஜூடியின் கையைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் ஏறி, பலூன் விற்கிறவனுக்குப் பக்கத்தில் வேடிக்கை பார்க்க வந்தவன் போல நடந்தான். பெட்ரோமாக்ஸ் காலத்திலிருந்து பார்த்தால் அந்தப் பவனியில் அவன் குடும்பத்துக்கு வேலை இல்லாமல் போனது அன்றைக்குத்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சாருக்கு வண்டி தள்ளவும் தெரியவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் இறக்கி, என் ஜெனரேட்டரின் குடலை வெளியே எடுத்துவிட்டார்.

இரண்டு தெரு அப்படியே போனது. மெயின் ரோட்டு முனையில் சப்பரத்தை முக்காலி மேல் இறக்கி இளைப்பாறுவார்கள். அங்கே, ஜெபமாலை சொல்லி வந்த பெண்கள் வரிசையிலிருந்து எல்சியம்மா விடுவிடுவென்று எங்களிடம் வந்தார். அந்த அம்மா நடுரோட்டில் சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை.

“இன்னா பண்ணி வெச்சிகீறீங்க?” என்றார் சாரிடம்.

“விட்டுக் குடுத்துட்டேன் எல்சி.”

“யாருக்கு? எங்க தம்பிக்கா? முதலியாருக்குத் துண்டு போட்டீங்களே, கட்டையிலயா வெச்சீங்க? அவரு தோள்லதானே போட்டீங்க! செல்வத்துக்குப் போட மட்டும் கை வரலயா?”

சார் வாயைத் திறந்தார். எல்சியம்மா அவரைப் பேசவே விடவில்லை. எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை.

“அவன் வண்டியவும் புடுங்கிகினீங்க,” என்றார் எல்சியம்மா. “பாருங்க, புள்ளயோட ஓரமா நிக்கறான். அந்தப் பொண்ணுக்கு நாளைக்கு ஒண்ணுன்னா, அவன் யாரப் போயி கேப்பான்?”

சார் பிளாட்பாரத்தைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. அப்புறம் பிடியை விட்டுவிட்டு நடந்தார். ஃப்ரெடி துண்டும் தோளுமாக நின்று கோலி சோடா குடித்துக்கொண்டிருந்தான்.

“ஃப்ரெடி, துண்டக் கழட்டு.”

“நீங்கதானே மாமா வேணான்னீங்க? ஊரே பாத்துச்சே!”

“வேணான்னேன். இப்ப வேணும்.”

“அது எப்படி மாமா? ஒரு நியாயம் வேணாம்?”

“டேய், இது எங்கப்பன் துண்டுடா! எனக்குத் தோணுனா வெப்பேன், தோணுனா எடுப்பேன். அத எவன் தோள்ல போடறதுன்றது என் இஷ்டம். நீ யாருடா கேக்க? கழட்டு!”

சமத்துவம் பேசுகிற வாயிலிருந்து ஒரு மிராசுதார் பேசினார். மண்டபத்தில் பேசிய முக்கால் மணி நேரத்தை விட எனக்கு இந்தப் பேச்சுதான் பிடித்தது. ஃப்ரெடி கழற்றினான். சார் துண்டை எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போனார். செல்வத்தின் தோளில் போட்டார். துண்டு நழுவியது, மறுபடி எடுத்துச் சரியாகப் போட்டார்.

செல்வம் கட்டைக்கு வந்தான். உடனே இடது முன்கட்டைக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அவருக்குப் பின்னால் நின்றவருக்கு மயக்கம் வருகிற மாதிரி இருந்ததாம். இன்னொருவருக்கு அவசரமாக வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு ஒரே நேரத்தில் நோய். செபஸ்தியார் மெயின் ரோட்டு நடுவில் முக்காலி மேல் நின்றார். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் கன்டெய்னர் லாரிகள் சேர்ந்துகொண்டே போயின. ஒரு லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை. பாதிரியார் ரொம்ப நேரமாகச் செபஸ்தியாரின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்வம் மட்டும் கட்டைக்கு அடியில் தோளைக் கொடுத்து, குனிந்தபடி, நகராமல் நின்றான். ஜூடி பிளாட்பாரத்திலிருந்து இறங்கி வந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியில் டிராஃபிக் போலீஸ்காரர் வந்தார். “யோவ், தூக்கறீங்களா, இல்ல நான் கிரேன் வெச்சு ஓரமா எடுத்துடவா? லைன் எண்ணூர் வரைக்கும் நிக்குதுய்யா!” என்றார்.

செபஸ்தியாரைக் கிரேனில் தொங்கவிட்டுப் பார்க்க யாருக்கும் மனசு வரவில்லை. முதுகு சரியானது. மயக்கம் தெளிந்தது. வீட்டு வேலை நாளைக்கு ஆகலாம் என்று ஆனது. எட்டுத் தோளும் சேர்ந்தன, சப்பரம் எழுந்தது. சுரூபம் எந்தப் பக்கமும் சாயவில்லை. நான் முன்னால் போய் நின்றே பார்த்தேன்.

மெயின் ரோடு முழுக்க செல்வம் தூக்கினான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கை இரண்டும் கட்டையில் இருந்ததால் துடைக்கவில்லை. ஜூடி அவனோடு சேர்ந்து நடந்தாள். பாதி ரோட்டில் திடீரென்று விளக்கெல்லாம் அணைந்தது. பின்னால் சார் ஒரு பள்ளத்தில் வண்டியை விட்டுவிட்டுத் திணறிக்கொண்டிருந்தார். வயர் விறைத்து, பிளக் பிடுங்கிக்கொண்டது.

செல்வம் திரும்பாமலே கத்தினான். “சார்! ஒயர இயுக்குறியே சார்! கிட்ட வா! சப்பரத்தப் பாத்துத் தள்ளு!”

“வந்துட்டேன் செல்வம், வந்துட்டேன்!” என்று சார் ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் பிளக்கைச் சொருகினேன். அதற்குப் பிறகு கோயில் வரைக்கும் ஒரு பல்புகூட அணையவில்லை.

இது நடந்து இரண்டு மாதம் கழித்து, சார் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அமெரிக்காவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

“அந்தத் துண்டு எங்கப்பாவோடது பாய்,” என்றார் மெதுவாக. “செல்வம் இன்னும் திருப்பிக் குடுக்கல.”

“அந்த ஊர்ல இன்னா பண்ணாங்க சார்? அடிமை முறைய ஒழிச்சதுக்கு அப்பால?” என்று கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.

சார் டீ கிளாஸைக் கையில் எடுத்தார். “கொஞ்ச வருஷம் கழிச்சு, குடுத்தத எல்லாம் திருப்பி வாங்கினாங்க பாய். நெலம், ஓட்டு, எல்லாத்தையும்,” என்றார். பிறகு ஆறின டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

இந்த வருஷம் திருவிழாவுக்கு நான் வண்டியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டிருந்தபோது, செல்வம் கால்வாய்த் தெருவிலிருந்து வந்தான். துண்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு, தோளில் போட்டிருந்தான். வண்டிக்குப் பக்கத்தில் நின்ற சாரைக் கடக்கும்போது ஒரு நொடி நின்றான். சார் அந்தத் துண்டைப் பார்த்தார். கை லேசாக எழுந்தது, எழுந்த கையால் வண்டியின் பிடியைப் பற்றிக்கொண்டார்.

“பாய்,” என்றார் என்னிடம், “இந்த வருஷம் ஒயர் கொஞ்சம் நீளமா குடு.”